நாக்-அவுட் போட்டி நடத்தப் போகிறீர்களா? முதலில் அட்டவணையைப் பாருங்கள்

கோயில் இளைஞர் பிரிவோ, மணிமன்றமோ, தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கமோ, செந்தூலிலோ பத்துமலையிலோ உட்கார்ந்து "இந்த வருஷம் ஒரு ஃபுட்சால் கிண்ணம் வைப்போம்" என்று முடிவெடுத்தால், முதல் கூட்டம் முழுக்கக் கோர்ட்டு வாடகை, ஜெர்சி, சிறப்பு விருந்தினர் யார் என்ற பேச்சிலேயே போய்விடும். அட்டவணை கடைசியில்தான் வரும். "அதை யாராவது எக்செலில் போட்டுத் தந்துவிடுவார்கள்" என்று தலைவர் சொல்வார், எல்லாரும் தலையாட்டுவார்கள். போட்டியன்று மத்தியானம் சச்சரவு கிளம்பும்போது பழி நடுவர் தலையில் விழும்.

நடுவர் பாவம். அவர் விசிலைக் கையில் எடுப்பதற்கு முன்பே, கட்டம் போட்ட அந்தத் தாளில் அநியாயம் நுழைந்திருக்கும். முதல் முறையாகப் போட்டி நடத்தப் போகிறவர்கள் அதை எங்கே, எப்படித் தடுக்கலாம் என்று படிப்படியாகச் சொல்கிறேன். உதாரணத்துக்கு, அணிக்கு ஐந்து பேர் ஆடும் சிறு கால்பந்தான ஃபுட்சாலை எடுத்துக்கொள்கிறேன். கேரம், பூப்பந்து, பேச்சுப்போட்டி எதற்கும் கணக்கு ஒன்றுதான்.

1. எதைக் கண்டுபிடிக்கப் போட்டி?

சிறந்த அணி ஜெயிக்கவேண்டுமா? எல்லாருக்கும் சம வாய்ப்பு வேண்டுமா? வந்தவர்கள் வயிறார விளையாடிவிட்டுப் போகவேண்டுமா? மூன்றும் வேண்டும் என்றுதான் குழு சொல்லும். ஒரே நாளில் மூன்றும் முழுசாகக் கிடைக்காது. எதற்கு முதலிடம் என்பதை எழுதி வையுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு முடிவுக்கும் அந்த வரி உதவும்.

தோற்றால் வெளியே என்ற முறையால் என்ன முடியும், என்ன முடியாது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 16 அணிகளில் ஓர் அணி மற்ற எல்லாரையும்விடத் தெளிவாகச் சிறந்தது, யாருடன் ஆடினாலும் 10-க்கு 7 முறை ஜெயிக்கும் என்று வைத்துக்கொள்வோம். கிண்ணம் தூக்க அது தொடர்ந்து 4 ஆட்டங்களில் வெல்லவேண்டும். 0.7-ஐ நான்கு முறை பெருக்கினால் 0.24. அவ்வளவு நல்ல அணிக்கே நான்கில் ஒரு வாய்ப்புதான். கேரம் மாதிரி சீக்கிரம் முடியும் விளையாட்டில் ஒவ்வொரு சுற்றையும் மூன்றில் இரண்டு என்று வைத்தால் அந்த 70 சதவீதம் 78 ஆகிறது. நான்கு சுற்றையும் தாண்டும் வாய்ப்பு ஏறக்குறைய 38 சதவீதம். ஆட்டம் நீளமானால் அதிர்ஷ்டத்தின் பங்கு குறையும். ஃபுட்சாலில் ஒரு பாதிக்கு 7 நிமிடம் என்று சுருக்கிவிட்டு "சின்ன அணி பெரிய அணியைக் கவிழ்த்துவிட்டது" என்று ஆச்சரியப்படுவதில் அர்த்தமில்லை.

இரண்டாம் இடம் இதைவிட மோசம். 1883-இலேயே ஆக்ஸ்போர்டு கணிதவியலாளர் சார்லஸ் டாட்ஜ்சன், அதாவது சிறுவர் கதைகளால் லூயிஸ் கரோல் என்று பெயர்பெற்றவர், டென்னிஸ் போட்டிகளைப் பார்த்து இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். 32 பேர் குலுக்கலில் ஆடுகிறார்கள், திறமைசாலி எப்போதும் ஜெயிப்பார் என்றே வைத்துக்கொண்டாலும், உண்மையில் இரண்டாவது திறமைசாலிக்கு இரண்டாம் பரிசு கிடைக்கும் வாய்ப்பு 31-இல் 16 மட்டுமே. மற்ற சமயங்களில் அவர் முதல் திறமைசாலி இருக்கும் பாதியிலேயே விழுந்து, இறுதிக்கு முன்பே வெளியேறிவிடுவார். ஆகவே நாக்-அவுட்டில் கிடைக்கும் இரண்டாம், மூன்றாம் இடங்களைத் தரவரிசை என்று நம்பி, அவற்றை வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பதற்காக நடத்தும் போட்டி என்றால் இந்த முறையே வேண்டாம்.

2. பை எங்கே விழுகிறது?

சாம்பியன் தவிர ஒவ்வோர் அணியும் ஒரு முறை தோற்றே வெளியேறும். அதனால் ஆட்டங்களின் எண்ணிக்கை எப்போதும் அணிகளில் ஒன்று குறைவு: 16 அணிக்கு 15, 11 அணிக்கு 10. கணக்கு இவ்வளவு சுலபமாக இருந்தும், எண்ணிக்கை 8, 16, 32 என்று அமையாதபோதுதான் பெரும்பாலான அட்டவணைகள் கோணலாகிப் போகின்றன.

11 அணிகள் வருகின்றன. அனுபவமில்லாதவர் என்ன செய்வார்? இரண்டு இரண்டாக ஜோடி சேர்ப்பார், ஒன்று மிஞ்சும், அதற்குப் பை (bye), அதாவது ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு. அடுத்த சுற்றில் 6 அணிகள், 3 ஆட்டங்கள். அதற்கடுத்து 3 அணிகள்! ஓர் அணிக்கு அரையிறுதியில் ஆடாமலே பை, நேரே இறுதி ஆட்டம். மற்ற இரண்டும் மூச்சு வாங்க ஆடிக்கொண்டிருக்கும்போது இது நிழலில் உட்கார்ந்து மைலோ குடிக்கும். ஒரு நாள் போட்டிகளில் அடிக்கடி நடக்கும் தவறு இது.

எல்லாப் பையும் முதல் சுற்றிலேயே முடிந்துவிடவேண்டும். அடுத்த பெரிய எண் (4, 8, 16, 32) எதுவோ அதிலிருந்து அணிகளின் எண்ணிக்கையைக் கழியுங்கள். 16-இல் 11 போனால் 5. ஐந்து அணிகளுக்குப் பை, மீதி 6 அணிகள் முதல் சுற்றில் 3 ஆட்டங்கள் ஆடும். ஜெயித்த 3, பை பெற்ற 5, மொத்தம் 8. அங்கிருந்து கால் இறுதி ஒழுங்காக ஓடும்.

பை யாருக்கு? தரம் குறிக்கப்பட்ட, அதாவது வலுவானவை என்று முன்பே குறித்துவைத்த அணிகளுக்கு முதலில், மீதி குலுக்கலில். தாமதமாக வரும் அணிக்கு வசதியாக இருக்கட்டும் என்று பை கொடுப்பதுண்டு. கொடுக்காதீர்கள். நேரத்துக்கு வந்தவனுக்குத் தண்டனை, வராதவனுக்குப் பரிசு என்று ஆகிவிடும்.

3. கோர்ட்டும் நேரமும்

நாக்-அவுட்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் சொல்லும் காரணம் நேரம் இல்லை என்பது. அது எப்போதும் உண்மையில்லை. 10 நிமிடப் பாதிகள் இரண்டு, இடைவேளையும் ஆள் மாறுவதும் சேர்த்து ஓர் ஆட்டத்துக்கு 25 நிமிடம் என்று போடுங்கள். 16 அணிகள், மூன்றாம் இட ஆட்டத்தையும் சேர்த்து 16 ஆட்டங்கள். ஒரே கோர்ட்டில் 400 நிமிடம், அதாவது 6 மணி 40 நிமிடம். இதையே நான்கு அணிகள் கொண்ட நான்கு பிரிவுகளாகப் பிரித்தால் பிரிவு ஆட்டங்கள் 24, கால் இறுதியிலிருந்து 8, மொத்தம் 32. இரண்டு கோர்ட்டு எடுத்தால் ஏறக்குறைய அதே நேரம்தான். வாடகை கூடும், ஆனால் ஒவ்வோர் அணியும் குறைந்தது 3 ஆட்டம் ஆடும்.

கட்டணம் கட்டி, கிள்ளானிலிருந்தோ காஜாங்கிலிருந்தோ இரண்டு கார் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து, 20 நிமிடத்தில் தோற்றுத் திரும்புவது ஓர் அணிக்கு எவ்வளவு கசப்பு என்று யோசியுங்கள். இரண்டாவது கோர்ட்டுக்குப் பணம் இல்லையென்றால், முதல் சுற்றில் தோற்றவர்களுக்குத் தனியாக ஒரு சிறு கிண்ணம் வையுங்கள். ரக்பி செவன்ஸில் 'பிளேட்' என்பார்களே, அது. 16 அணிகளில் 8 அணிகள் அதில் ஆடும், 7 ஆட்டங்கள் கூடும். ஆட்டத்தின் நேரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

கேரத்துக்கு இன்னொரு வழி நன்றாகப் பொருந்தும்: இரண்டு முறை தோற்றால்தான் வெளியே. 8 பேருக்கு 14 அல்லது 15 ஆட்டங்கள். ஏன் "அல்லது" என்றால், ஒரு முறை தோற்று மேலே ஏறி வந்தவர், தோற்காமலே வந்தவரை இறுதியில் ஒரு முறை வென்றால் இருவருக்கும் ஒவ்வொரு தோல்வி. இன்னோர் ஆட்டம் வைக்கவேண்டும். பலர் இதை மறந்து முதல் ஆட்டத்தோடு கிண்ணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். எல்லாருக்கும் இரண்டு தோல்வி அனுமதி, தோற்காமல் வந்தவருக்கு மட்டும் ஒன்று என்றாகிவிடும்.

ஓய்வையும் சேர்த்துப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் அடுத்தடுத்து ஆடும் அணியும் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வரும் அணியும் சமம் இல்லை. இரண்டு கோர்ட்டு இருந்தால் அரையிறுதிகளை ஒரே நேரத்தில் வையுங்கள். கூரை இல்லாத இடமாக இருந்தால் பிற்பகல் மழைக்கும் ஒரு விதி வேண்டும்: நின்ற இடத்திலிருந்து தொடர்வதா, முதலிலிருந்தா? மழை வந்தபிறகு முடிவெடுத்தால், முன்னிலையில் இருக்கும் அணி ஒன்று சொல்லும், பின்தங்கிய அணி வேறொன்று சொல்லும்.

4. தோற்பதில் லாபம் இருக்கக்கூடாது

மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு அதிக நேரம் செலவழியுங்கள். பிரிவு ஆட்டங்களுக்குப் பிறகு நாக்-அவுட் என்று வைக்கும் எந்தப் போட்டியிலும் இந்த ஓட்டை வரலாம்.

தென்கிழக்காசியக் கால்பந்துப் போட்டியான 1998 டைகர் கிண்ணம் நம் வட்டாரத்துக் கதை. தாய்லாந்தும் இந்தோனேசியாவும் ஏற்கெனவே அரையிறுதிக்குத் தகுதி பெற்றுவிட்டு, ஹோ சி மின் நகரில் கடைசிப் பிரிவு ஆட்டத்தில் மோதின. ஜெயிக்கும் அணி ஹனோய்க்குப் போய், போட்டியை நடத்தும் வியட்நாமை எதிர்கொள்ளவேண்டும். தோற்கும் அணி அதே ஊரில் இருந்துகொண்டு சிங்கப்பூரைச் சந்திக்கலாம். யாருக்கு ஜெயிக்க மனம் வரும்? கடைசியில் ஓர் இந்தோனேசியத் தற்காப்பு ஆட்டக்காரர் வேண்டுமென்றே சொந்த வலையில் பந்தை உதைத்து 3-2 என்று தோற்றார்கள். இரண்டு அணிகளுக்கும் அபராதம். இதில் வேடிக்கை என்னவென்றால், "சுலபம்" என்று நினைத்த சிங்கப்பூர் அரையிறுதியில் இந்தோனேசியாவை வென்று, கிண்ணத்தையும் தூக்கிக்கொண்டு போனது.

லண்டன் ஒலிம்பிக்கில் 2012 ஜூலை 31 அன்று இதே நோய் பூப்பந்துக்கு வந்தது. மகளிர் இரட்டையரில் சீனாவின் ஒரு ஜோடி, தென் கொரியாவின் இரண்டு, இந்தோனேசியாவின் ஒன்று, அடுத்த சுற்றில் யாரைச் சந்திக்க நேரும் என்று கணக்குப் பார்த்து, சர்வீஸை வலையில் அடித்துத் தோற்க முயன்றன. அரங்கமே கூச்சலிட்டது. மறுநாள் நான்கு ஜோடிகளும் தகுதி நீக்கம். ஆட்டக்காரர்கள் செய்தது தப்புதான். ஆனால் பிரிவில் இரண்டாம் இடம் வந்தால் யாரோடு ஆடுவோம் என்பது முன்கூட்டியே தெரியும்படி அட்டவணை போட்டது அவர்கள் இல்லையே. கோலாலம்பூரில் தலைமையகம் வைத்திருக்கும் உலகப் பூப்பந்து சம்மேளனம் பிறகு முறையையே மாற்றியது: பிரிவில் இரண்டாம் இடம் பெறும் ஜோடிகளுக்கு மறுபடியும் குலுக்கல்.

நீங்களும் அதையே செய்யலாம், செலவே இல்லை. பிரிவு ஆட்டங்கள் எல்லாம் முடிந்தபிறகு, கேப்டன்கள் முன்னிலையில், முதலிடம் பெற்றவர்களுக்கு எதிரே இரண்டாம் இடம் பெற்றவர்களைக் குலுக்கிப் போடுங்கள். ஒரே பிரிவைச் சேர்ந்த இருவர் மோதக்கூடாது என்று மட்டும் ஒரு விதி போதும். 10 நிமிடத்தில் முடியும் வேலை.

அப்புறம் கடைசிப் பிரிவு ஆட்டங்கள். 1982 உலகக் கிண்ணக் கால்பந்தில் அல்ஜீரியா தன் ஆட்டங்களை ஒரு நாள் முன்பே முடித்துவிட்டது. மறுநாள் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஆடின. ஜெர்மனி 1-0 என்று ஜெயித்தால் இரண்டுமே அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்று இருவருக்கும் தெரியும். 10-ஆவது நிமிடத்தில் கோல் விழுந்தது. மீதி நேரம் பந்தை உருட்டிக்கொண்டிருந்தார்கள். அல்ஜீரியா வெளியே. 1986 முதல் ஒரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில்தான் தொடங்குகின்றன. இரண்டு கோர்ட்டு இருந்தால் நீங்களும் அப்படியே வையுங்கள்.

மூன்று அணிப் பிரிவுகளில் இதைச் செய்யவே முடியாது. எப்போதும் ஓர் அணி வெளியே உட்கார்ந்திருக்கும், மற்ற இரண்டும் கணக்குப் போட்டு ஆடலாம். 2026 உலகக் கிண்ணத்துக்கு முதலில் மூன்று அணிகள் கொண்ட 16 பிரிவுகள் என்று அறிவித்த ஃபிஃபா, 2023-இல் நான்கு அணிகள் கொண்ட 12 பிரிவுகள் என்று மாற்றிக்கொண்டது. ஆகவே 12 அணிகள் வந்தால் "நாலு பிரிவு, மூணு மூணு" என்று உடனே எழுதிவிடாதீர்கள். என்னைக் கேட்டால், முதல் சுற்றில் 4 பையோடு நேரடி நாக்-அவுட், தோற்றவர்களுக்குப் பிளேட் என்பது அதைவிடச் சுத்தம்.

5. தரம் குறிப்பதும் குலுக்குவதும்

குலுக்கல் மட்டும் போட்டால் 8 அணிகளில் மிகச் சிறந்த இரண்டும் ஒரே பாதியில் விழும் வாய்ப்பு 7-இல் 3. இதைத் தவிர்க்கத்தான் தரம் குறிப்பது, சீடிங். முழுத் தரவரிசை இருந்தால் 1-8, 4-5, 3-6, 2-7 என்று மோதவிடுவார்கள். ஒவ்வொரு ஜோடியின் கூட்டுத்தொகையும் 9 வரவேண்டும், 16 அணி என்றால் 17. சரிபார்க்கச் சுலபமான வழி.

உங்கள் போட்டிக்கு அப்படியொரு வரிசை இருக்காது. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதவேண்டாம். போன வருஷம் அரையிறுதிக்கு வந்த நான்கு அணிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முதலிரண்டும் எதிரெதிர் பாதியில். மூன்றும் நான்கும் எந்தப் பாதி என்பது குலுக்கலில். மற்ற எல்லாரும் குலுக்கலில். பழைய பெயரில் புது ஆட்களோடு வரும் அணிக்குத் தரம் கொடுப்பதா என்பதை முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். போன வருஷ ஆட்டக்காரர்களில் பாதிப் பேராவது இருக்கவேண்டும் என்பது நியாயமான அளவு.

தரம் குறித்தாலும் எல்லாம் சரியாகிவிடாது. பூப்பந்தில் மலேசியாவின் லீ சோங் வெய்யும் சீனாவின் லின் டானும் 2008-இலும் 2012-இலும் ஒலிம்பிக் இறுதியில் மோதினார்கள். 2016 ரியோவில் லீ முதல் தரம், லின் டான் மூன்றாம் தரம். இருவரும் ஒரே பாதியில் விழுந்ததால் அரையிறுதியிலேயே சந்தித்தார்கள். மூன்றாவது செட் 22-20 வரை போன அந்த ஆட்டத்தை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டார்கள். தோற்ற லின் டான் வெண்கலத்துக்கான ஆட்டத்திலும் தோற்று நான்காம் இடம்.

குலுக்கலைக் கேப்டன்கள் கூட்டத்தில் எல்லார் கண்ணெதிரே போடுங்கள், முகநூலில் நேரலை விட்டால் இன்னும் நல்லது. ஏற்பாட்டுக் குழுவே இரண்டு அணி இறக்குகிறதா? அந்த இரண்டையும் ஒரே கால் பகுதியில் போடுங்கள். சீக்கிரம் மோதிக்கொள்ளட்டும். எதிரெதிர் பாதியில் போட்டு இரண்டும் இறுதிக்கு வந்துவிட்டால், ஒழுங்காக ஆடினாலும் ஊர் நம்பாது.

6. விதித் தாள்

ஒரு பக்கம் போதும். போட்டிக்கு ஒரு வாரம் முன்பே புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் போட்டு, ஒவ்வொரு கேப்டனிடமிருந்தும் "படித்துவிட்டேன்" என்று பதில் வாங்குங்கள்.

புள்ளி சமமானால் என்ன என்பது முதல் வரி. கோல் வித்தியாசத்தை முதலில் வைத்தால் பலவீனமான அணியை 14-0 என்று அடித்துத் துவைப்பார்கள். ஓர் ஆட்டத்துக்கு 5 கோலுக்கு மேல் கணக்கில் வராது என்று எழுதுங்கள், அல்லது தங்களுக்குள் மோதிய ஆட்டத்தின் முடிவை முதலில் பாருங்கள். எந்த வரிசை என்பதைவிட, முன்பே எழுதியிருப்பது முக்கியம். 2018 உலகக் கிண்ணத்தில் செனகலும் ஜப்பானும் எல்லாவற்றிலும் சமமாக இருந்து, மஞ்சள் அட்டை குறைவு என்பதால் ஜப்பான் தப்பியது. விதி முன்பே இருந்ததால் முணுமுணுப்போடு போயிற்று.

நாக்-அவுட் ஆட்டம் சமமானால் நேரே பெனால்டியா, கூடுதல் நேரமா? ஒரு நாள் போட்டிக்குப் பெனால்டி போதும். வர தாமதமானால் 10 நிமிடம், அதற்குப் பிறகு வாக்-ஓவர், அதாவது ஆடாமலே எதிரணிக்கு வெற்றி. எம்.ஆர்.ஆர். 2 நெடுஞ்சாலையில் நெரிசல் என்ற காரணம் எல்லாருக்கும் உண்டு, அதனால் யாருக்கும் இல்லை.

ஆட்டக்காரர் பட்டியலை முதல் ஆட்டத்துக்கு முன் பூட்டுங்கள். காலையில் தோற்ற அணியின் நல்ல கோல்கீப்பர் மத்தியானம் வேறு ஜெர்சியில் நிற்பது நம் போட்டிகளில் புதிதல்ல. வயதுப் பிரிவு என்றால் மைகார்டு அடையாள அட்டையைப் பதிவின்போதே பாருங்கள். ஆட்சேபம் இருந்தால் ஆட்டம் முடிந்து 15 நிமிடத்துக்குள் கேப்டன் எழுத்தில் தரவேண்டும். எந்த அணியோடும் சம்பந்தமில்லாத மூன்று பேர் தீர்ப்பு சொல்லவேண்டும். அந்த மூவரின் பெயர் தாளிலேயே இருக்கட்டும்.

7. கோல் இல்லாத போட்டிகள்

பேச்சுப்போட்டி, திருக்குறள் மனனப் போட்டி, பாடல் போட்டி ஆகியவற்றிலும் தகுதிச்சுற்று வைத்து ஆளை வெளியேற்றுகிறோம். அங்கே நடுவர்தான் கோல் கம்பம். 40 மாணவர்களை இரண்டு வகுப்பறையில் பிரித்து, இரண்டு நடுவர் குழுக்கள் புள்ளி போட்டு, மொத்தத்தில் முதல் 10 பேரை எடுத்தால் அநியாயம் உறுதி. ஒரு குழு நல்ல பேச்சுக்கு 75 போடும், இன்னொன்று 88 போடும். ஒவ்வோர் அறையிலிருந்தும் தலா 5 பேர் என்று எடுங்கள். அறைக்கு யார் என்பதைக் குலுக்கலில் பிரியுங்கள். பேசும் வரிசையும் குலுக்கல்தான். முதலில் பேசுகிறவருக்குப் புள்ளி குறைவாக விழும் என்ற பயம் பிள்ளைகளுக்கு உண்டு, பெயர் அகரவரிசையில் கூப்பிட்டால் 'அ'-வில் தொடங்கும் பிள்ளைகளுக்கு எப்போதும் அதே கதி. தன் பள்ளி மாணவருக்கு நடுவர் புள்ளி போடக்கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை என்று நினைப்போம். எழுதிவிடுங்கள்.

8. பரிசு

பணப் பரிசை முதலிடத்துக்கு மட்டும் குவிக்காதீர்கள். ஒரு பெனால்டி கம்பத்தில் பட்டுத் திரும்புவதற்கும் உள்ளே போவதற்கும் நடுவே 1,500 வெள்ளி தொங்கினால் ஆட்டம் முரடாகும். முதலுக்கும் இரண்டுக்கும் இடையே இருமடங்குக்கு மேல் வேண்டாம். மூன்றாம் இட ஆட்டத்தை ஒலிம்பிக் நடத்துகிறது, பெரும்பாலான பூப்பந்து, டென்னிஸ் போட்டிகளில் அது கிடையாது. மனமுடைந்து நிற்கும் இரண்டு அணிகளை மாலை ஆறரைக்கு மறுபடி இறக்குவதைவிட, அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் சம மூன்றாம் பரிசு கொடுப்பதையே நான் விரும்புவேன். கிண்ணக் கடையில் மூன்றாம் பரிசுக்கு இரண்டாக ஆர்டர் கொடுங்கள், அந்த 25 நிமிடத்தை இறுதி ஆட்டத்துக்கு முந்தைய ஓய்வோடு சேர்த்துவிடுங்கள்.